கருவியும் கருத்தாவும்: மட்டாஞ்சேரிச் சாப்பாவிலிருந்து செயலி வரை

தமிழ்த்துறைகள் நடத்தும் கருத்தரங்குகளில் இயந்திர மனிதன், செயற்கை நுண்ணறிவு ஆகியவை இன்று விரும்பி எடுக்கப்படும் தலைப்புகளாகிவிட்டன. இது வரவேற்கத்தக்கதே. எனினும் இத்தலைப்புகளில் படிக்கப்பெறும் கட்டுரைகளைத் தொடர்ந்து கேட்டுவரும் ஒருவருக்கு அவை இரண்டே தடங்களில் செல்வது புலப்படும். இயந்திர மனிதன் பழந்தமிழரிடம் முன்பே இருந்தான் என்று நிறுவ முற்படுவது ஒரு தடம். புனைகதையிலும் திரைப்படத்திலும் வரும் மனித உருவ இயந்திரத்திற்கு உணர்ச்சி உண்டா, காதல் வருமா, அது மனிதனை வெல்லுமா என்று வினவுவது மற்றொரு தடம். இவ்விரு தடங்களிலும் நடப்போர், இந்நாட்டில் இலட்சக்கணக்கானோர் இயந்திர அறிவோடு அன்றாடம் கொண்டுள்ள உறவைக் காணாமலே கடந்து செல்கின்றனர் என்பதே இக்கட்டுரையின் வாதம். அவ்வுறவு காதலும் அன்று, போரும் அன்று. வேலை கேட்டு நிற்பவருக்கும் வேலையைப் பகிர்ந்தளிக்கும் ஒன்றுக்கும் இடையிலான உறவு அது. அதனைப் பேசுவதற்குரிய பாகுபாடு தமிழிலக்கணத்திலேயே இருக்கிறது. நாம்தான் அதனை எடுத்தாளவில்லை.

முதல் தடத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. கொல்லிப்பாவையைக் காட்டி அதுவே உலகின் முதல் ரோபோ என்பதும், சிலப்பதிகாரம் கூறும் மதுரைக் கோட்டைப் பொறிகளைக் காட்டி அவை தானியங்கிகள் என்பதும் ஆராய்ச்சி ஆகா. சீவக சிந்தாமணியின் மயிற்பொறியை எடுத்துக்கொள்வோம். மன்னன் சச்சந்தன் பணித்தான்; தச்சன் செய்தான்; அரசி விசயை அதனைச் செலுத்தக் கற்றாள்; கட்டியங்காரனின் சூழ்ச்சியால் அரசு வீழ்ந்தபோது அதில் ஏறிச் சுடுகாட்டில் இறங்கினாள். பணித்தவர், செய்தவர், செலுத்தியவர் ஆகிய மூவரையும் திருத்தக்கதேவர் தனித்தனியே காட்டுகிறார். அவரிடமிருந்து நாம் கற்க வேண்டியது பறக்கும் இயந்திரம் இருந்ததா என்பதனை அன்று. ஓர் இயந்திரத்தைப் பற்றிப் பேசும்போது அதன் பின்னால் நிற்கும் மனிதரை விட்டுவிடாமல் பேசும் முறையை. நம் கட்டுரைகள் மயிலைப் பிடித்துக்கொண்டு மன்னனையும் தச்சனையும் விட்டுவிட்டன.

இரண்டாம் தடம் இதனினும் சற்று மதிக்கத்தக்கது. சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ பற்றி ஆய்வேடுகள் வந்துள்ளன. ‘எந்திரன்’ 2010இல் வெளியான பின்னர் அதனை நாவலோடு ஒப்பிடும் கட்டுரைகளும் பெருகின. ஆனால் இவை பெரும்பாலும் ஜீனோ என்னும் இயந்திர நாயின் அறிவையும் சிட்டி என்னும் இயந்திர மனிதனின் காதலையும் சுற்றியே வருகின்றன. குடிமக்களை எண்ணாலும் ஈரெழுத்துப் பெயராலும் அறிந்து, குழந்தை பெறுவதற்கும் அனுமதி வழங்கும் ஓர் அரசு அந்நாவலில் உள்ளது. அந்த அனுமதிமுறைதான் இன்று நம்மைச் சூழ்ந்துள்ள இயந்திரத்திற்கு நெருங்கியது, நாய் அன்று. நாய்க்கு உடல் இருப்பதால் நாம் நாயைப் பார்க்கிறோம்.

உடலுள்ள இயந்திரத்தின் மேல் கொண்ட இம்மயக்கம் ஆய்வாளரிடம் மட்டும் காணப்படுவதன்று. 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் கேரளக் காவல்துறைத் தலைமையகத்தில் பெண்ணுருவம் தாங்கிய ரோபோ ஒன்று உதவி ஆய்வாளர் தகுதியோடு நிறுத்தப்பெற்று, முதலமைச்சருக்கு வணக்கம் செலுத்தியது. அப்படம் எல்லா நாளிதழ்களிலும் வந்தது. 2020 ஏப்ரலில் கொரோனாத் தொற்றின்போது, களமசேரியிலுள்ள எறணாகுளம் அரசு மருத்துவக் கல்லூரியில் நோயாளிகளுக்கு உணவும் மருந்தும் கொண்டு சென்ற ‘கர்மி’ என்னும் இயந்திரமும் பேசப்பட்டது. பயனுடைய செயல்தான் அது. ஆனால் அதே ஊரடங்குக் காலத்தில் கொச்சித் தெருக்களில் உணவுப் பொட்டலம் சுமந்து சென்ற இளைஞர்களை எங்கே செல், எத்தனை நிமிடத்தில் செல் என்று ஏவிக்கொண்டிருந்த இயந்திரத்திற்குக் கையும் காலும் முகமும் இல்லை. ஆகவே அதனை யாரும் படம் எடுக்கவில்லை. ரோபோ என்று அழைக்கவுமில்லை.

‘ரோபோ’ என்னும் சொல்லின் பிறப்பையே நாம் சரியாகப் பெயர்க்கவில்லை. 1920இல் செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்தின் வழியாக அச்சொல் உலகிற்கு வந்தது. தம் உடன்பிறந்தாராகிய ஓவியர் யோசப் அதனைத் தந்தார் என்று அவரே குறிப்பிட்டுள்ளார். அதன் வேர்ச்சொல்லாகிய ‘ரொபோட்டா’ நிலக்கிழாருக்குக் குடியானவர் கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய உழைப்பைக் குறிப்பது. இதற்கு நேரான சொல் தமிழில் இல்லையா? சோழர் கல்வெட்டுகளில் அடிக்கடி காணப்படும் ‘வெட்டி’ அதுவே. திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் சுமத்தப்பட்டிருந்த ‘ஊழியம்’ அதுவே. கலைச்சொல் ஆக்கியோர் இவற்றை விடுத்து ‘இயந்திர மனிதன்’ என்றனர். சொல்லுக்குள் இருந்த உழைப்பு போயிற்று. உருவம் வந்து அமர்ந்தது. அந்த உருவத்தை நோக்கியே நம் ஆராய்ச்சி இதுகாறும் நடந்துவருகிறது.

மட்டாஞ்சேரிச் சாப்பா

உழைப்பின் பக்கத்திலிருந்து இதனை நோக்க வேண்டுமாயின் மட்டாஞ்சேரிக்கு வர வேண்டும். கொச்சியின் இப்பகுதி மிளகும் சுக்கும் மணக்கும் கிடங்குகளுக்கும் டச்சு அரண்மனைக்கும் யூதர் தெருவுக்கும் பெயர்பெற்றது. சுற்றுலாக் கையேடுகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்றும் இதற்கு உண்டு. அது ‘சாப்பா’. துறைமுகத்தில் கப்பல் வந்து நிற்கும் நாளில் சரக்கேற்றவும் இறக்கவும் கூலியாட்கள் தேவைப்படுவர். தேவையோ ஐம்பது பேர்; வந்து நிற்பவரோ ஐந்நூறு பேர். ஒப்பந்தக்காரரின் ஆளாகிய மூப்பன், உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசியெறிவான். அந்த வில்லையே சாப்பா. விழுந்ததைப் பொறுக்கியவருக்கு அன்று வேலை. பொறுக்காதவருக்கு அன்று பட்டினி. ஒருவர் மேல் ஒருவர் விழுந்து, மிதிபட்டு, இரத்தம் வழிய எடுத்த வில்லையைக் காட்டினால்தான் மூட்டை சுமக்கும் ‘உரிமை’ கிட்டும். மூப்பனுக்கு வேண்டியவருக்கும் கையூட்டுத் தந்தவருக்கும் வில்லை தனியே போய்ச் சேர்வதும் உண்டு.

இம்முறையை எதிர்த்து 1953இல் தொழிலாளர் எழுபது நாள்களுக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி ஆகியோர் குண்டுபட்டு இறந்தனர்; ஆன்றணி காவல்துறையின் சித்திரவதைக்கு ஆளாகி இறந்தார். நெடுங்காலம் நாடகத்திலும் உள்ளூர் நினைவிலும் மட்டுமே வாழ்ந்த அப்போராட்டம், கே.எம். சிதம்பரனின் நாடகத்தை அடியொற்றி ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ திரைப்படமாக 2023இல் வெளிவந்தது. படம் பார்த்தோர் பலர், அந்தக் கொடுமை ஒழிந்துவிட்டது என்னும் ஆறுதலோடு வெளியே வந்து, கைப்பேசியில் உணவு வரவழைத்திருப்பர்.

சாப்பா ஒழிந்தது எவ்வாறு என்பதையும் நோக்க வேண்டும். துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இலேயே இயற்றப்பட்டிருந்தது. தொழிலாளர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுதல், முறைவைத்து வேலை வழங்குதல், வேலையில்லா நாளுக்கும் ஓரளவு ஊதியம் தருதல் ஆகியன அத்தகைய ஏற்பாட்டின் கூறுகள். பின்னர்க் கொச்சிக்கும் துறைமுகத் தொழிலாளர் வாரியம் அமைந்தது. அதாவது, வில்லையின் இடத்தைப் பதிவேடு பிடித்தது. பதிவேடும் ஒரு வகையான தகவல் அமைப்பே என்பது இங்குக் கருதத்தக்கது. ஆயின் அதில் யார் பெயர் எத்தனையாவது என்பதைத் தொழிலாளர் சங்கம் கேட்கலாம், பார்க்கலாம், தவறெனில் வாதிடலாம்.

‘பண்ணிட்டாங்க’ என்னும் ஈறு

இன்று அதே மட்டாஞ்சேரியின் பஜார் சாலையிலும் அதனையடுத்த ஃபோர்ட் கொச்சியின் உணவகங்களுக்கு முன்னும் இளைஞர்கள் இருசக்கர வண்டிகளில் சாய்ந்தபடி கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றனர். கைப்பேசியில் ஒலி எழும். சில நொடிகளுக்குள் தொட்டவருக்கு வேலை. தொடாதவரை அது கடந்து போகும். தொடாமல் விட்டவை கணக்கில் ஏறி, அடுத்து ஒலி எழும் வாய்ப்பைக் குறைக்கும் என்பது அவர்களிடையே நிலவும் நம்பிக்கை. நம்பிக்கை என்று கூறுவதற்குக் காரணம், அக்கணக்கின் விதிகள் அவர்களுக்கு முழுமையாகத் தெரிவிக்கப்படுவதில்லை.

இவர்களுள் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞரோடு கட்டுரையாளர் ஒருநாள் உரையாட நேர்ந்தது. மூன்று நாள்களாக அவருக்கு வேலை இல்லை. காரணம் வினவியபோது, “ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க சார்” என்றார். “யாரு தம்பி பண்ணுனாங்க?” என்றதற்குச் சற்றே தயங்கி, “ஆளுன்னு யாரும் இல்ல சார், சிஸ்டம்தான்” என்றார்.

இவ்விரு விடைகளும் தமிழாசிரியர் எவரும் கடந்து செல்லத்தகாதவை. முதல் விடையில் எழுவாய் தோன்றவில்லை. ஆனால் வினைமுற்று பலர்பால் ஈறு கொண்டுள்ளது. ‘பண்ணிட்டாங்க’ என்பதன் எழுவாய் உயர்திணையாகவே இருத்தல் வேண்டும். செய்தவர் மனிதர் என்பதை அவருடைய நா அறிந்திருக்கிறது. யார் என்று கேட்ட அளவில்தான் உயர்திணை மறைந்து ‘சிஸ்டம்’ என்னும் அஃறிணை எழுவாய் வந்து நிற்கிறது. அது அவருடைய சொல் அன்று. அவருக்குக் கற்பிக்கப்பட்ட சொல். கைப்பேசியில் அவருக்கு வந்த அறிவிப்பு, ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்பது. செயப்பாட்டு வினை, முடக்கியவர் எவரென்று கூறும் மூன்றாம் வேற்றுமைச் சொல் இல்லை.

அவ்வேற்றுமையைச் சற்று விரித்து நோக்குவோம். தொல்காப்பியர் மூன்றாம் வேற்றுமைக்கு வினைமுதல், கருவி என்னும் பொருள்களைக் கூறுகிறார். நன்னூலார் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்பார். உரையாசிரியர்கள் கருவியை முதற்கருவி, துணைக்கருவி என்றும், கருத்தாவை இயற்றுதற் கருத்தா, ஏவுதற் கருத்தா என்றும் மேலும் பகுத்தனர். ஒரு கோயில் கல்லால் ஆனது, உளியால் ஆனது, தச்சனால் ஆனது, அரசனால் ஆனது. நான்கிலும் உருபு ‘ஆல்’ ஒன்றே, பொருள் நான்கு. கல் முதற்கருவி, உளி துணைக்கருவி, தச்சன் இயற்றுதற் கருத்தா, அரசன் ஏவுதற் கருத்தா. ஒரே உருபு நால்வகைப் பொருளுக்கும் வருவதால் மயக்கம் நேரும். அதைத் தெளிவிக்கவே இப்பாகுபாடு. (கரிகாலன் கல்லணையைக் கட்டினான் என்பதே பள்ளி நூல்களில் ஏவுதற் கருத்தாவுக்கு வழக்கமான எடுத்துக்காட்டு. அவ்வணைக்குக் கல் சுமந்தவர் அதிலும் இல்லை என்பது வேறு வழக்கு.)

இன்று நாளிதழிலும் அரசாணையிலும் ஆய்வுக் கட்டுரையிலும், ‘செயற்கை நுண்ணறிவால் தேர்ந்தெடுக்கப்பட்டனர்’, ‘அல்காரிதத்தால் வேலை வழங்கப்படுகிறது’, ‘கேமராவால் அபராதம் விதிக்கப்பட்டது’ என்று எழுதுகிறோம். இந்த ‘ஆல்’ எந்த ஆல்? துணைக்கருவிப் பொருளில் எழுதத் தொடங்கி, இயற்றுதற் கருத்தாவாக மாற்றி, இறுதியில் ஏவுதற் கருத்தாவின் அரியணையிலேயே அதனை அமர்த்திவிடுகிறோம். உளி கோயிலைக் கட்டியது என்று எவரும் எழுதார். ஏனெனில் உளி பேசாது. செயலி பேசுகிறது, பெயர் சொல்லி அழைக்கிறது, ‘வாழ்த்துகள்’ என்கிறது. அதனால் மயங்குகிறோம்.

இம்மயக்கம் ஒருசாராருக்குப் பயன் தருவது. இத்தாலியில் ஓர் உணவு விநியோக நிறுவனமாகிய டெலிவரூ, தன் வேலைப் பங்கீட்டு அல்காரிதத்திற்கு ‘ஃபிராங்க்’ என்று ஆண்பெயரே சூட்டியிருந்தது. உடல்நலக் குறைவால் வராதவரையும் வேலைநிறுத்தத்தில் பங்கேற்றவரையும் வெறுமனே வராதவரோடு ஒன்றாகக் கருதி ஃபிராங்க் தரமிறக்கியது. 2020 டிசம்பர் 31 அன்று பொலோனியா நீதிமன்றம் அது பாகுபாடு எனத் தீர்ப்பளித்து, தொழிற்சங்கங்களுக்கு 50,000 யூரோ இழப்பீடு வழங்குமாறு நிறுவனத்திற்கு ஆணையிட்டது. ஃபிராங்கின் கண்மூடித்தனம் நிறுவனம் தெரிந்தே மேற்கொண்ட தேர்வு என்பதே நீதிமன்றத்தின் நோக்கு. கனடாவில் 2024 பிப்ரவரியில் முடிவான மற்றொரு வழக்கில், ஏர் கனடா நிறுவனத்தின் இணையதளத்தில் விடையளிக்கும் உரையாடல் இயந்திரம் பயணி ஒருவருக்குக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்திருந்தது. அவ்வியந்திரத்தின் சொல்லுக்குத் தான் பொறுப்பன்று என வாதிட்ட நிறுவனத்தை நோக்கி, அப்படியானால் அந்த இயந்திரம் தனியொரு சட்ட ஆளா என்னும் பொருள்பட வினவித் தீர்ப்பாயம் அவ்வாதத்தைத் தள்ளியது. நம் இலக்கண மொழியிற் சொன்னால், துணைக்கருவியைக் கருத்தாவாக்கித் தப்ப முயன்ற ஏவுதற் கருத்தாவை நீதிமன்றங்கள் பெயர்சொல்லி அழைத்தன. நம்மிடம் இலக்கணம் இருந்தும் நாம் அழைக்கவில்லை.

கங்காணி

‘அல்காரிதம்’ என்பதற்குப் படிமுறை, வழிமுறை, கணிப்பு நெறி எனப் பல பெயர்ப்புகள் வந்துள்ளன. கணிதத்திற்கு அவை போதும். வேலையைப் பங்கிட்டு, வேலை செய்பவரைக் கண்காணித்து, கூலியைக் குறைத்துக் கூட்டும் ஒன்றிற்குத் தமிழரின் வரலாறே ஒரு சொல்லை வைத்துள்ளது. அது ‘கங்காணி’. கண் காணுபவர் கங்காணி. இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் திரட்டியதும், முன்பணம் தந்து கடனில் கட்டியதும், மலையில் நின்று கொழுந்து எடுப்போரைக் கண்காணித்ததும் கங்காணிகளே. கேரளத்தின் மூணாறு தேயிலைத் தோட்டங்களும் அம்முறை அறிந்தவையே. மலையகத் தமிழில் ஒருநாள் வேலைக்கு வரவு வைப்பது ‘பேர்’ போடுதல் எனப்படும்; கொழுந்தின் எடை குறைந்தால் ‘அரைப்பேர்’. முழுநாள் உழைத்தவரை அரை ஆளாக்கும் அச்சொல், குறித்த எண்ணிக்கையை ஓர் உணவுப் பொட்டலத்தால் தவறவிட்டு அன்றைய ஊக்கத்தொகையை இழப்பவருக்கு விளக்கம் இல்லாமலே புரியும். ஒரு தோட்டத்திலிருந்து விலகி மற்றொன்றில் சேர, கடன் தீர்ந்ததென்னும் ‘துண்டு’ இலங்கையில் தேவைப்பட்டது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இன்று ஒரு செயலியில் ஐந்தாண்டு உழைத்துப் பெற்ற நட்சத்திரக் குறிகளை மற்றொரு செயலிக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. துண்டு தருவாரும் இல்லை.

கங்காணி என்று சொன்னவுடன் கங்காணிக்குப் பின்னால் துரை இருப்பதும் நினைவுக்கு வரும். அதுவே இச்சொல்லின் சிறப்பு. ‘நுண்ணறிவு’ என்று சொன்னால் பின்னால் எவரும் நினைவுக்கு வருவதில்லை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றுள் வலிமையானது, மூப்பனையும் கங்காணியையும்விட இயந்திரம் நடுநிலையானது என்பது. மூப்பன் சாதி பார்ப்பான், மதம் பார்ப்பான், கையூட்டுப் பெறுவான். செயலி அவ்வாறு கை நீட்டுவதில்லை. கூலி வங்கிக்குச் சென்றுவிடுகிறது. எல்லாவற்றுக்கும் பதிவு உண்டு. இதனை மறுப்பதற்கில்லை. மட்டாஞ்சேரி இளைஞர்களுள் சிலரே, மேலாளரிடம் ஏச்சு வாங்குவதைவிட இது மேல் என்கின்றனர். அவர்கள் கூற்றை அறியாமை என்று தள்ளுவது ஆய்வாளருக்கு அழகன்று. ஆயின் மூப்பனின் கொடுமைக்கு ஒரு முகம் இருந்தது. ஐந்நூறு பேரும் ஒரே முற்றத்தில் நின்று அம்முகத்தைக் கண்டனர்; யாருக்கு வில்லை சென்றது, யாருக்குச் செல்லவில்லை என்பதையும் கண்டனர். 1953 போராட்டம் அந்த முற்றத்தில் பிறந்தது. செயலியின் முற்றத்தில் ஒவ்வொருவரும் தம் திரையை மட்டும் காண்கின்றனர்.

பதிவு உண்டு என்னும் வாதத்திற்கு விடையும் இப்பகுதியிலேயே இருக்கிறது. ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் உள்ள வண்ணார்துறையில், டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து அழைத்து வரப்பட்டதாகக் கருதப்படும் வண்ணார் சமூகத்தினர் இன்றும் துணி வெளுத்து வருகின்றனர். பல வீடுகளின் துணிகள் ஒன்றாகக் கலந்தாலும் துணியின் மூலையில் இட்ட குறியைக் கொண்டு உரியவரிடம் சேர்ப்பது வண்ணார் மரபு. வெளியாருக்கு அது மைப்புள்ளி, வண்ணாருக்கு எழுத்து. அதுவும் ஒரு தகவல் அமைப்பே. ஆனால் குறியை இடுபவரும் படிப்பவரும் உழைப்பவரே. செயலியிலோ உழைப்பவர்மேல் குறி இடப்படுகிறது. அக்குறியை அவர் படிக்க முடிவதில்லை. எனவே பதிவு உண்டா என்பது வினா ஆகாது. அதனைப் படிக்கும் உரிமை யாருக்கு என்பதே வினா.

மற்றொரு மறுப்பு, இது வெறும் சொல்வழக்கு என்பது. மழை பெய்தது, வண்டி ஓடியது என்று அஃறிணையை எழுவாயாக்குவது தமிழில் இயல்பே. இயந்திரம் தேர்ந்தெடுத்தது என்பதில் என்ன குற்றம் என்பர். குற்றம் எங்குள்ளது என்பதற்குத் திருவனந்தபுரத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் காட்டலாம்.

கழிவுநீர்க் குழிக்குள் மனிதர் இறங்காதிருக்க, அந்நகரின் இளம் பொறியாளர்கள் ‘பாண்டிகூட்’ என்னும் ரோபோவை உருவாக்கினர். 2018 முதல் பயன்பாட்டுக்கு வந்த அதனைப் பின்னர்த் தமிழகத்திலும் வாங்கினர். பாராட்டத்தக்க கருவி. கையால் மலம் அள்ளும் பணியில் மனிதரை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறப்போரின் குடும்பத்திற்கு 30 இலட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டுமென உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் கூறியது. இவையெல்லாம் இருந்தும், 2024 ஜூலையில் திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமயிழஞ்சான் கால்வாய்ப் பகுதியில் குப்பை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் வெள்ளத்தில் மறைந்தார். குப்பை அடைத்த சுரங்கத்தினுள் அவரைத் தேட, முக்குளிப்போரோடு அதே நிறுவனத்தின் ரோபோவும் கொண்டுவரப்பட்டது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது. மனிதன் இறங்காதிருக்கச் செய்த இயந்திரம், இறங்கிய மனிதனைத் தேட இறங்கிற்று.

அந்நாள்களில் செய்தி எழுதியோர் ரோபோவின் கேமராவைப் பற்றியும் அது எடுத்த படங்களைப் பற்றியும் எழுதினர். ரயில்வேயும் மாநகராட்சியும் கால்வாயின் அப்பகுதி யார் பொறுப்பு என்று ஒன்றையொன்று சுட்டின. ‘அடித்துச் செல்லப்பட்டார்’ என்பதே பெரும்பாலான தொடர்களின் பயனிலை. வெள்ளத்தால் என்பது கருவி. இறக்கியவர் யார்? ஏவுதற் கருத்தாவைக் கேட்கும் அந்த ஒரு வினாவிற்கு விடையில்லாமலே எத்தனை பத்தி வேண்டுமானாலும் எழுதிவிட நம் செய்திமொழி பழகிவிட்டது. மழை பெய்தது என்பதைப் போன்றதன்று இது. மழையை ஏவியவர் இல்லை.

சட்டத்தின் மொழியும் இதே நோய்க்கு ஆட்பட்டுள்ளது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. செயலிவழித் தொழிலாளரை முதன்முறையாக அது பெயர் சுட்டி ஏற்கிறது. நிறுவனங்கள் தம் ஆண்டு வரவில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு வரை நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நன்று. ஆனால் அவ்வேலையை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்குப் புறம்பானது என்றே வரையறுக்கிறது. நிறுவனமோ வாங்குவோரையும் தருவோரையும் இணைக்கும் மின்னணு இடையாளர். ஏவல் உண்டு, ஏவப்படுபவர் உண்டு, ஏவுபவர் மட்டும் இல்லை! இந்திய நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2020–21இல் இத்தகைய தொழிலாளர் 77 இலட்சம் பேர். இத்தனை பேரை ஏவுதற் கருத்தா இல்லாமல் இயங்கவைக்கும் வாக்கியத்தை எந்த இலக்கணமும் ஏற்காது. 2023இல் இராசத்தானும் 2025இல் கருநாடகமும் தனிச்சட்டம் இயற்றின; கருநாடகச் சட்டம் தானியங்கி முடிவுகள் பற்றி விளக்கம் தரும் கடமையையும் பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் நிறைவேற்றிய நெறிமுறை, ஒருவரின் கணக்கை முடக்கும் முடிவை மனிதரே எடுக்க வேண்டும் என்கிறது. தமிழகத்தில் 2023 டிசம்பரில் நலவாரியம் அமைந்தது; முடக்கியவர் யார் என்று கேட்கும் உரிமையை நலவாரியம் தானாகத் தந்துவிடாது.

இதில் தமிழ்த்துறைக்கு என்ன வேலை என்று வினவலாம். செயலிகளின் தமிழ் அறிவிப்புகளை எழுதுவோர் யார்? நம்மிடம் பயின்று மொழிபெயர்ப்புப் பணிக்குச் செல்லும் மாணவர்களே அவர்களுள் கணிசமானோர். ‘டெலிவரி பார்ட்னர்’ என்பதை விநியோகக் கூட்டாளர் எனப் பெயர்ப்பவரும் அவர்களே. கூட்டாளர் என்றால் இலாபத்தில் பங்குண்டு, கணக்கைப் பார்க்கும் உரிமையுண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. ஆங்கிலம் சொன்ன பொய்யைத் தமிழிலும் சொல்ல வேண்டுமென்னும் கட்டாயம் மொழிபெயர்ப்பாளருக்கு வேலைக்கான நிபந்தனையாக இருக்கலாம். வகுப்பறையில் நமக்கு அந்நிபந்தனை இல்லை. ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது’ என்பதும் ‘உங்கள் கணக்கை எங்கள் நிறுவனம் முடக்கியுள்ளது’ என்பதும் ஏறத்தாழ ஒரே நீளமுடையவை. இரண்டாவது தொடரில் எழுவாய் உண்டு. ஆகவே வழக்குத் தொடுக்க ஒருவர் உண்டு.

வேற்றுமையியல் நடத்தும்போது கரிகாலனோடு இத்தகைய அறிவிப்பு ஒன்றையும் கரும்பலகையில் எழுதி, இதில் கருவி எது, கருத்தா யார் என்று கேட்கலாம். எடுத்துக்காட்டுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. மாலை வகுப்பு முடிந்ததும் அதே பையை முதுகில் மாட்டிக்கொண்டு விநியோகத்திற்குச் செல்லும் மாணவர்கள் பின்வரிசையிலேயே இருக்கின்றனர். அறிவிப்புகள் அவர்கள் கைப்பேசியில் இருக்கின்றன.